பூஜையில் வைத்த சுரண்டிகள்

பல் சாமான்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன், அது என் சுபாவம். வாய்க்குள்ளிருந்து வெளியே வந்த உடனே கழுவிவிட வேண்டும். ரத்தமோ சிமெண்டோ காய்ந்துவிட்டால் பிறகு மல்லுக்கட்ட வேண்டியதுதான். சின்ன பிரஷ்ஷில் சோப்புப் போட்டுத் தேய்த்து, சலவைச் சோடா கலந்த தண்ணீரில் கொதிக்கவிட வேண்டும். சோடா இல்லாத வெறும் தண்ணீரென்றால் இரும்பு துருப்பிடிக்கும். சூடு ஆறுவதற்குள் எடுத்துத் துடைத்து, எண்ணெய்த் துணியால் மெல்ல ஒற்றி, ஒன்றோடொன்று உரசாமல் படுக்க வைக்க வேண்டும். முனை மழுங்கினால் எண்ணெய்க் கல்லில் தீட்ட வேண்டும். தீட்டியது போதுமா என்று கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்க்கலாம். வழுக்கினால் போதாது, நகத்தைக் கவ்வினால் போதும். இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டாம், பொறுமை வேண்டும். இந்தச் செல்லம்மாவுக்குப் பொறுமையே கிடையாது என்று எஸ்டேட்டில் பேசிக்கொள்வார்கள். ஆட்களிடம்தான் கிடையாது, சாமான்களிடம் நிறைய உண்டு.

காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு பட்டாளம் சண்டை போட்ட மலாயா எமெர்ஜென்சி காலத்தில், நான் தம்பின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அட்டெண்டண்டாக இருந்தேன். சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் அந்த ஒரே ஆஸ்பத்திரிதான். சிரம்பானிலிருந்து பல் டாக்டர் அமிர்தலிங்கம் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அங்கே தெமியாங் பக்கம் வீடு. சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷர். மற்ற தோட்டங்களில் அவர் பல்லைப் பிடுங்குவதோடு சரி. எங்கள் ஆஸ்பத்திரியில் மட்டும்தான் அடைப்பார். பிடுங்குகிற குறடு அவர் பையிலேயே இருக்கும். அடைக்கிற சாமான்களைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, ஏனென்றால் வழியெல்லாம் சோதனை. சோதனைக்காரன் பெட்டியைத் திறந்து ரோட்டில் கொட்டுவான், பொறுக்கி எடுப்பதற்குள் ஒன்று குறைந்திருக்கும். அதனால் அந்தப் பெட்டி எங்களிடமே இருந்தது, என் பொறுப்பில். டாக்டர் எக்ஸ்கவேட்டர் என்று சொல்வதை நான் சுரண்டி என்பேன். சொத்தையைத் தோண்டி எடுக்கிற குட்டிக் கரண்டி அது. அப்புறம் பல்லின் ஓரத்தைச் சீவுகிற உளி, சின்னக் கோடாலி, சிமெண்டை அழுத்துகிற அமுக்கி. இவற்றை நான் பார்த்துக்கொண்ட பார்வையில் எனக்குப் பல்லம்மா என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

இப்போது அர்ச்சுனனைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு, கோயிலில் விசேஷமென்றால் நாயனம். எங்கள் மாரியம்மன் கோயிலில் அவன் வாசித்தால் லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்கச் சமையலை விட்டுவிட்டு வந்து நிற்கும். முள்கம்பி வேலிக்குள் எங்களை அடைத்து, சாயங்காலமானால் ஊரடங்கு போட்டு, அரிசியை அளந்து கொடுத்துக்கொண்டிருந்த நாளில் எங்களுக்கு மிச்சமிருந்த சந்தோஷம் அது ஒன்றுதான். அவனுக்கு மேல்வரிசை முன்பல்லில் ஓரமாகச் சொத்தை விழுந்திருந்தது. சென்ற தடவை டாக்டர் பார்த்துவிட்டு, அடுத்த முறை அடைத்துவிடலாம் என்றார். அடுத்த முறை ரோட்டில் எங்கேயோ சண்டை என்று அவரால் வர முடியவில்லை. அதற்குள் குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீர் என்று இழுக்க ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, பல்லு போச்சுன்னா நாயனம் போச்சு" என்றான் என்னிடம். "சீவாளிய ஒதட்டுல புடிச்சுக் காத்த அடக்கணும்னா பின்னால பல்லு நிக்கணும். ஓட்டயா இருந்தா காத்து ஓடிரும்லா."

"போகாது. போக விடமாட்டேன்" என்றேன். பெரிய டாக்டர் மாதிரி.

சரஸ்வதி பூஜைக்கு முன்னால் என் தங்கை மகள் சடங்குக்காகத் தம்பினுக்குப் போயிருந்தேன். பெட்டிச் சாவியை டிரெஸர் மணியத்திடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது எல்லாம் அவர்தான். நல்ல மனுஷர், சும்மா சொல்லக்கூடாது. அவர் ஊசி போட்டால் பச்சைப் பிள்ளைகூட அழாது. ஆனால் சாமி, பூஜை என்று வந்துவிட்டால் அவரைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

பூஜையன்று காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. கேட்டில் காவலுக்கு நின்ற வீரமுத்து என் மூட்டையைப் பிரித்து, தங்கை கொடுத்த அதிரசத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று வெளியே போகிறதைப் பார்க்கச் சொன்னால், இவன் உள்ளே வருகிற அதிரசத்தையும் விடமாட்டான்.

"பல்லு டாக்டரு இன்னைக்கே வாராராம் பல்லம்மா. தொர பங்களாவுக்குப் போன் வந்துச்சு" என்றான்.

"அடுத்த வாரம்தானே?"

"அடுத்த வாரத்துலேர்ந்து ரோட்ட அடைக்கிறாங்க. பட்டாளம் மட்டும்தான் போகுமாம், எப்பத் தொறப்பாங்கன்னு தெரியாது. இன்னைக்குப் பட்டாள லோரி கூடவே வந்து, அதுலயே திரும்பிருவாரு. மத்தியானத்துக்கு முன்னாடி ரெடி பண்ணுங்க."

அவ்வளவுதான், அதிரசத்தை அவனிடமே விட்டுவிட்டு ஓடினேன். இன்று அடைக்காவிட்டால் அர்ச்சுனன் பல் ரோடு திறக்கும்வரை காத்திருக்காது. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் பிறகு குறடுதான்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் சாம்பிராணி வாசம். மருந்து மேசையைச் சுவரோடு நகர்த்தி, சரஸ்வதி படம் வைத்து மாலை போட்டிருந்தார் மணியம். முன்னால் வாழையிலை. இலையில் ஸ்டெதாஸ்கோப், கத்தரிக்கோல், ஊசிக் குழல். அதற்குப் பக்கத்தில் என் சுரண்டிகள், உளிகள், கோடாலிகள், அமுக்கிகள். வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் நெற்றியில் இடுவதுபோல் சந்தனம், அதன்மேல் குங்குமம். எல்லாவற்றின்மேலும் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. ராத்திரி முழுக்க அந்த ஈரத்திலேயே கிடந்திருக்கின்றன.

"வாங்க செல்லம்மா. போன வருசம் ஒங்க சாமான மட்டும் விட்டுட்டமேன்னு எனக்கு மனசே கேக்கல. அதான் இந்த வருசம் நானே எடுத்து வச்சேன்" என்றார் மணியம். அப்படி ஒரு பெருமை முகத்தில்.

நான் குனிந்து பார்த்தேன். சந்தனத்தின் ஓரமெல்லாம் செம்மண் நிறத்தில் துரு.

"இது ஏன் இப்படி வெளுத்து மங்கிப்போயிருக்கு?"

"தேச்சேன்ல. குத்துவௌக்குக்குக் கரைச்ச புளி மிச்சம் இருந்துச்சு. சாம்பலும் புளியும் போட்டு நல்லாத் தேச்சேன். பளபளன்னு இருந்துச்சு, ராத்திரிதான் கொஞ்சம் மங்கிருச்சு."

பித்தளை விளக்குக்குப் புளி போடலாம். தீட்டி வைத்த இரும்பு முனைக்குப் புளி போட்டால் அந்தப் புளிப்பு கூர் முழுவதையும் தின்றுவிடும். கடையில் கைப்பிடிப் புளி வாங்கவே ஆயிரம் கேள்வி கேட்கிற காலம், அந்தப் புளியைக் கொண்டுபோய் இதிலா கொட்ட வேண்டும்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே சொல்ல முடியாது, சரஸ்வதி படம் முன்னால் இருக்கிறதே என்றுகூட நான் பார்க்கவில்லை. மணியம் திகைத்துப்போய் நின்றார். பல் டாக்டர் இன்றே வருகிறார் என்று சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது.

நான் இலையில் கை வைத்தேன். குறுக்கே வந்து நின்றார்.

"இன்னைக்கு எடுக்கக்கூடாதும்மா. நாளைக்கு விஜயதசமி, புனர்பூஜை பண்ணித்தான் எடுக்கணும். பாதியில எடுத்தா சாமி குத்தம்."

"நாளைக்கு எடுத்து நீங்க வாயில போட்டுக்குவீங்களா? டாக்டர் இன்னைக்குப் போயிருவாரு. அர்ச்சுனன் பல்லுக்கு யார் பதில் சொல்றது?"

"அதுக்குத்தான் சொல்றேன். சாமிக்கு வாசிக்கிற வாய் அது. குத்தத்தோட ஒரு சாமான் அந்த வாய்க்குள்ள போகலாமா?"

அவர் வேண்டுமென்று பேசவில்லை. உண்மையாகவே பயந்தார். எனக்கு அது தெரிந்தது, ஆனாலும் கோபம் அடங்கவில்லை. அவரைத் தோளால் தள்ளிக்கொண்டு இலையிலிருந்து என் சாமான்களை அள்ளினேன். தாயே மன்னிச்சுக்கோ என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் பேச நேரமில்லை. சோப்புத் தண்ணீரில் சந்தனத்தைக் கழுவினேன். துருவின்மேல் தையல் மிஷின் எண்ணெயை விட்டு ஊறவைத்து, மெல்லிய எமரித் தாளால் தண்டை மட்டும் தேய்த்தேன். மணியம் சும்மா நிற்க முடியாமல் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

"நெருப்புல காட்டுனா துரு உதிர்ந்துருமே?"

"கூடவே இரும்பு செத்துரும். முனை மெத்துனு ஆயிட்டா அப்புறம் சோத்தக் கூடத் தோண்ட முடியாது. வௌக்க அணைங்க."

அணைத்தார். கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, என்னிடம் கேட்டுக் கேட்டுச் சோடா போட்டார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணெய்க் கல்லில் தீட்ட ஆரம்பித்தேன். உளியின் சரிவு கல்லின்மேல் முழுக்கப் படிய வேண்டும், ஒரு மயிரளவு தூக்கினாலும் முனை உருண்டுவிடும். சுரண்டி இன்னும் கஷ்டம். அதன் வாய் வட்டம், ஆகையால் இழுக்கும்போதே விரலுக்குள் மெதுவாகத் திருப்ப வேண்டும். இழு, திருப்பு, துடை, நகத்தில் வை. வழுக்குகிறது. மறுபடியும் இழு. கோடாலிகள் இரண்டிலும் முனை குழி விழுந்து போயிருந்தது. அவற்றை எடுத்துத் தனியாக வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. சாமானுக்கு அழுகிறவளைப் பார்த்திருக்கிறீர்களா? நான் அழுதேன்.

வெள்ளைச் சிமெண்டைக் குழைக்கிற எலும்புக் கரண்டி மட்டும் பெட்டியிலேயே பத்திரமாக இருந்தது. முன்பல்லுக்கு அந்தச் சிமெண்டுதான், அதை இரும்பால் குழைத்தால் நிறம் கறுத்துவிடும்.

"இத ஏன் விட்டுட்டீங்க?"

"எலும்பும்மா அது. சாமி முன்னால வைக்கலாமா?" என்றார் மணியம் மெதுவாக.

நல்லவேளை என்றேன்.

மத்தியானத்துக்கு முன்பே லோரிச் சத்தம் கேட்டது. டாக்டர் அமிர்தலிங்கம் உள்ளே வந்து, கை கழுவிவிட்டு, துணிமேல் நான் அடுக்கியிருந்ததைப் பார்த்தார். பாதி குறைந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். மணியம் மூலையில் தலைகுனிந்து நின்றார். டாக்டர் யாரையும் திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தன் நகத்தில் வைத்துப் பார்த்தார். பெரும்பாலானவற்றை வேண்டாமென்று கீழே வைத்தார். ஒரு சுரண்டி கவ்வியது. ஓர் உளி கவ்வியது. அமுக்கிக்குக் கூர் தேவையில்லை, அதனால் அது தப்பித்தது.

"முன்பல் ஒன்றுக்கு இது போதும் செல்லம்மா. ஆளைக் கூப்பிடுங்கள். லோரி ரொம்ப நேரம் நிற்காது" என்றார்.

அர்ச்சுனன் குளித்து, திருநீறு பூசி வந்தான். வந்தவன் நாற்காலியில் உட்காராமல் சரஸ்வதி படத்தின் முன்னால் நின்றான். இலையில் சாமான் இருந்த இடமெல்லாம் குங்குமத் தடம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்தான், என் கையிலிருந்த தட்டைப் பார்த்தான்.

"அக்கா, இது பூஜையில இருந்ததா?"

எனக்குப் பொய் சொல்ல வராது. இருந்தது என்றேன். துருப்பிடித்ததையும் சொன்னேன், வேறு வழியில்லாமல் எடுத்ததையும் சொன்னேன்.

அவன் ஓர் அடி பின்னால் போனான். "என் நாயனமும் கோயில்ல பூஜையில இருக்கு. நான் தொடல. நாளைக்குத்தான் எடுப்பேன். பாதியில எடுத்தத இன்னைக்கு இந்த வாயில வச்சுட்டு, நாளைக்கு எந்த வாயால அம்மனுக்கு ஊதுவேன்?"

"ஊதுறதுக்குத்தாண்டா பல்லு அடைக்கிறோம்."

"வேணாம்க்கா." அவன் டாக்டரைப் பார்த்தான். "ஐயா, ஒங்க கொறடு பூஜையில வைக்கலதானே? அதால புடுங்கி விட்ருங்க. ரோடு அடைச்சப்பறம் வலி தாங்க முடியாது."

பல் போனால் நாயனம் போகும் என்று தெரிந்தேதான் சொல்கிறான். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம். காலையிலிருந்து இழுத்துத் தீட்டிய என் விரல் எரிந்தது. நீ ஒரு மடையன், உன் அம்மனும் இதைக் கேட்டால் சிரிப்பாள் என்று ஏதேதோ கத்தினேன். கத்தக் கத்த அவன் முகம் இன்னும் இறுகியது. வெளியே லோரிக்காரன் ஹாரன் அடித்தான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பையைத் திறந்து குறடை எடுத்தார்.

அப்போது மூலையில் நின்ற மணியம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மொதல்ல எனக்குப் பாருங்க டாக்டர். கீழ்க் கடவாய்ப்பல்லு சொத்த. அந்தச் சுரண்டியாலயே பாருங்க." பிறகு அர்ச்சுனன் பக்கம் திரும்பினார். "சாமான பூஜையில வச்சது நான். பாதியில எடுத்துக் குடுத்ததும் நான். குத்தம் இருந்தா மொதல்ல என்னத் தொடட்டும். அப்பறம் ஒனக்கு."

எடுத்தது நான். அவரைத் தள்ளிவிட்டு அள்ளியவள் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன், அவர் கண்ணாலேயே என்னை அடக்கினார். நாற்காலியின் கைப்பிடியை அவர் பிடித்த பிடியில் விரலெல்லாம் வெளுத்திருந்தது.

டாக்டர் விளக்கைத் திருப்பினார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார், தன் பையிலிருந்த ஊசியைப் போட்டு மரத்துப்போகும்வரை காத்திருந்தார். அப்புறம் என் சுரண்டியை உள்ளே விட்டார். கொஞ்சம் தோண்டியதுமே பல்லின் ஒரு சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் கூடு. டாக்டர் தலையை ஆட்டிவிட்டுக் குறடை எடுத்தார். மணியம் கண்ணை மூடிக்கொண்டார். பல் வந்து தட்டில் விழுந்தது.

அர்ச்சுனன் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். மணியம் பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்து நாற்காலியைக் காட்டினார். அர்ச்சுனன் தட்டிலிருந்த பல்லைக் குனிந்து பார்த்தான்.

"எனக்கு வந்த குத்தத்த டிரெஸர் ஐயா வாங்கிக்கிட்டாரு" என்றான். குரலில் பயம் இல்லை. "இனிமே குத்தம் இல்ல."

சுரண்டியைக் கழுவிக் கொதிக்கவிட்டுத் துடைக்கும்வரை லோரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அர்ச்சுனன் உட்கார்ந்து வாயைத் திறந்தான். டாக்டரின் கை அவ்வளவு மெதுவாகப் போனதை நான் முன்பு பார்த்ததில்லை. உளியால் ஓரத்தைச் சீவினார். சுரண்டி ஒரு தடவைகூட வழுக்கவில்லை. பழுப்பாகச் சொத்தை சுருண்டு சுருண்டு வந்தது. நரம்புக்கு மேலே இன்னும் நல்ல பல் இருக்கிறது என்றார். கண்ணாடிப் பலகையில் வெள்ளைச் சிமெண்டை எலும்புக் கரண்டியால் குழைத்துக் கொடுத்தேன். வைத்து அமுக்கி, இறுகும்வரை மெல்லிய செல்லுலாய்டு பட்டையால் பிடித்திருந்து, ஈரம் படாமல் வாஸ்லின் தடவினார். எது பல், எது சிமெண்டு என்று எனக்கே தெரியவில்லை.

"நாளைக்குக் காலைவரை ஊதக்கூடாது" என்றார் டாக்டர்.

"நாளைக்குத்தான்யா எடுப்பேன்" என்றான் அர்ச்சுனன்.

மறுநாள் புனர்பூஜைக்குக் கோயிலில் கூட்டம். பால்வெட்டுக் கத்திகளை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். அர்ச்சுனன் நாயனத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சீவாளியை உதட்டில் வைத்தான். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். முதல் சுரம் நீளமாக, அசையாமல், காற்று சிந்தாமல் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் காவலுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

என் பக்கத்தில் மணியம் வீங்கிய கன்னத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, அந்தப் பல்லு எத்தன நாளா வலிச்சுச்சு?" என்று கேட்டேன்.

"மாசக்கணக்கா. நோம்புப் பெருநாளுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுருச்சு."

"அப்ப, புடுங்கத்தான் போறாங்கன்னு தெரிஞ்சுதான் ஒக்காந்தீங்களா?"

"தெரியாம என்னாம்மா? மருந்து குடுக்குறவன் நான். எப்பிடியும் போற பல்லு, போறது அவனுக்கு ஒதவிட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

"சாமி குத்தம்னு அவ்வளவு பேசுனீங்களே, அதெல்லாம்?"

மணியம் அம்மனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுவும் நெசம்தாம்மா. குத்தம் பல்லோட விடுமா, உசுரையே எடுத்துருமான்னு எனக்குத் தெரியல. பயந்துக்கிட்டேதான் ஒக்காந்தேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மனுஷரைக் காலையில் என்ன பேச்சுப் பேசினேன். கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது.

"பேசாதீங்க, ரத்தம் வரும்" என்று அதட்டினேன்.